சத்திரத்துச் சோறு யாருக்கு? ஏ.டி. பன்னீர்செல்வமும் தஞ்சை ஜில்லா போர்டும்

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிந்தது. புதிய தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். ஊராட்சித் தலைவர் இல்லாததை ஊர் உடனே உணர்ந்தது. தெருவிளக்கு எரியவில்லை, குடிதண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்ற கேள்வி வந்தது. அதே நாளில் மாவட்ட ஊராட்சித் தலைவர் பதவியும் காலியானது. அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அப்படி ஒரு பதவி இருந்ததே பலருக்குத் தெரியாது.

நூறு ஆண்டுகளுக்கு முன் இதே காவிரிக்கரையில் அந்த நாற்காலிக்குப் பெயர் 'ஜில்லா போர்டு பிரசிடெண்ட்'. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை, சத்திரம், ஏன், ஒரு ரயில் பாதைகூட அதன் பொறுப்பில் இருந்தது. 1924 முதல் 1930 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் ஏ.டி. பன்னீர்செல்வம். பின்னாளில் அவர் மாகாண அரசில் உள்துறையைப் பார்த்தார், 'சர்' பட்டம் பெற்றார், லண்டனில் இந்திய மந்திரியின் (இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சரின்) ஆலோசகராகவும் நியமிக்கப்பட்டார். ஆனால் தஞ்சைப் பகுதியில் அவர் பெயர் நிலைத்ததற்கு இந்தப் பெரிய பதவிகள் காரணம் அல்ல. ஜில்லா போர்டில் இருந்தபோது சத்திரங்களின் வாசலை அவர் யாருக்குத் திறந்துவிட்டார் என்பதே காரணம்.

அவர் செய்தது என்ன, அதை அவரால் எப்படிச் செய்ய முடிந்தது, அதே இடத்தில் இன்று இருப்பவரால் ஏன் முடியாது என்று புரிய வேண்டுமானால் போர்டிலிருந்து தொடங்க வேண்டும். ஆளைப் பற்றி முதலில் சுருக்கமாக.

பன்னீர்செல்வம் யார்?

1888 ஜூன் 1 அன்று திருவாரூருக்கு அருகே செல்வபுரத்தில், நிலவளம் உள்ள ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பெயரின் முன்னால் உள்ள 'டி' தந்தை தாமரைச்செல்வத்தைக் குறிக்கும். திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்து, இங்கிலாந்து போய் பாரிஸ்டராகித் திரும்பித் தஞ்சாவூரில் தொழில் செய்தார். 1918 முதல் 1920 வரை தஞ்சை நகராட்சித் தலைவர். நீதிக்கட்சிக்காரர். பிறகு ஜில்லா போர்டு.

ஈரோட்டில் நகரின் நடுவே 'பன்னீர்செல்வம் பூங்கா' என்று ஓர் இடம் இருக்கிறது. அது இவர் பெயரில் அமைந்ததுதான். இன்றைய அரசியலில் அதே பெயரில் பலர் இருப்பதால் ஆள் மாற்றிப் புரிந்துகொள்வது அடிக்கடி நடக்கிறது.

ஜில்லா போர்டு என்றால் என்ன?

மூன்று அடுக்குகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும். சென்னை மாகாணத்தில் 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு ஜில்லா போர்டு, அதன் கீழே தாலுகா போர்டுகள், அவற்றின் கீழே சில ஊர்களைச் சேர்த்து யூனியன்கள் அமைந்தன. அதற்கும் முன்னால், 1871லிருந்தே உள்ளூர் நிதி என்ற ஏற்பாடு இருந்தது. ஆரம்பத்தில் கலெக்டரே போர்டின் தலைவர். 1920ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் வந்த பிறகுதான் கலெக்டர் விலகி, மக்கள் பக்கத்து ஆட்கள் தலைவர்களாக வரும் வழி அகலமானது. பன்னீர்செல்வம் வந்தது இந்தப் புதிய ஏற்பாட்டில்.

அன்றைய தஞ்சை ஜில்லா இன்றைய தஞ்சாவூர் மாவட்டம் மட்டும் அல்ல. 1991இல் பிரிந்த நாகப்பட்டினம், 1997இல் பிரிந்த திருவாரூர், 2020இல் உருவான மயிலாடுதுறை, 1974இல் புதுக்கோட்டையோடு போன அறந்தாங்கி எல்லாம் சேர்ந்தது அது. காவிரி கடலில் கலக்கும் வரைக்கும் ஒரே போர்டு.

போர்டின் கையில் பணம் எப்படி வந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. முக்கியமான வழிகள் இவை:

1. நில செஸ். நிலத்தின் வருமான மதிப்பில் ரூபாய்க்கு ஓர் அணா என்ற கணக்கில் வசூலான வரி. ரூபாய்க்குப் பதினாறு அணா. அப்படியானால் பதினாறில் ஒரு பங்கு. அரசு வாங்கும் நிலவரியோடு சேர்த்து வசூலானாலும் இது போர்டுக்கு உரிய பணம்.

2. சாலைச் சுங்கம், பள்ளிச் சம்பளம், அரசு மானியம் போன்றவை.

3. சத்திரச் சொத்துகளின் வருமானம். இது தஞ்சை ஜில்லாவுக்கே உரிய சிறப்பு. வேறு எந்த ஜில்லா போர்டுக்கும் இந்த அளவுக்கு இது வாய்க்கவில்லை. பிறகு விரிவாகப் பார்ப்போம்.

காவிரிப் பாசனத்தில் இரண்டு போகம் விளையும் நிலம் நிறைந்த ஜில்லா என்பதால் செஸ் தொகையும் கணிசமாக வந்தது. பணம் இங்கேயே வசூலாகி இங்கேயே செலவானது. எந்த ஊரில் பள்ளி தொடங்குவது, எந்தச் சாலைக்குக் கப்பி போடுவது என்று தீர்மானிக்க மெட்ராஸுக்குப் போகவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

காலணாவில் போட்ட ரயில் பாதை

போர்டின் பலம் எவ்வளவு என்று தெரிய இந்த ஓர் உதாரணம் போதும்.

தஞ்சை ஜில்லாவில் நில செஸ்ஸுக்கு மேல் ரூபாய்க்குக் காலணா, அதாவது அறுபத்து நான்கில் ஒரு பங்கு, ரயில் பாதைக்கென்றே தனியாக வசூலித்தார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை ஒரு பாதை போட்டார்கள். 1894 ஏப்ரலில் அதில் வண்டி ஓடத் தொடங்கியது. பிறகு பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் நீண்டது. வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதைக்குச் சொந்தக்காரர் ஜில்லா போர்டு.

இன்று மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் வழியாகக் காரைக்குடி போகும் பாதையின் பெரும்பகுதி அதுதான். அகலப் பாதையாக மாற்ற வேண்டும் என்று அந்தப் பகுதி மக்கள் ஆண்டுக்கணக்கில் மனுப் போட்டு, மறியல் செய்து, பல வருடங்கள் வண்டியே இல்லாமல் காத்திருந்து, 2019இல்தான் திருவாரூர் வரை வேலை முடிந்தது. தாத்தன்கள் காலணா போட்டுக் கட்டிய பாதைக்குப் பேரன்கள் டெல்லியைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ரயில்வே தேசத்துக்குப் பொதுவாவது நியாயம்தான். ஆனாலும் இந்த இரண்டு காலத்துக்கும் இடையே கைமாறிப்போனது பாதை மட்டும் இல்லை, முடிவெடுக்கும் இடமும்தான்.

இது பன்னீர்செல்வம் வருவதற்கு முன்பே நடந்தது. அவர் உட்கார்ந்தது எத்தகைய நாற்காலி என்று காட்டவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சத்திரம்: சொத்தும் நோக்கமும்

சத்திரம் என்றதும் இப்போது கல்யாண மண்டபம் நினைவுக்கு வருகிறது. தஞ்சை மராத்திய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் வேறு வகை. ராமேஸ்வரம் போகும் சாலையை ஒட்டிப் பெரும்பாலும் அமைந்தவை. யாத்திரை போகிறவர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போகலாம். ஒவ்வொரு சத்திரத்துக்கும் கிராமங்களையே எழுதி வைத்தார்கள். அந்த நிலத்தின் விளைச்சலில் சத்திரத்து உலை கொதித்தது. ஒரத்தநாட்டில் 1802இல் இரண்டாம் சரபோஜி நிறுவிய முத்தாம்பாள் சத்திரம், கடலோரத்தில் ராஜாமடம் சத்திரம் ஆகியவை இந்த வரிசையில் வருபவை.

1799 ஒப்பந்தத்தில் நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்த பிறகும் சரபோஜி விடாமல் கேட்டது இந்தச் சத்திரங்களைத்தான். 1801இல் தஞ்சையிலிருந்த கம்பெனி ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதம் கிடைக்கிறது. சத்திரத்தில் என்ன நடக்கிறது என்று அதில் விவரமாகச் சொல்லியிருக்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை, எந்த வகை யாத்திரிகராக இருந்தாலும் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்பவர்களுக்கு அரிசியும் பலசரக்கும் அளந்து கொடுக்கப்படும். இப்படி நள்ளிரவு வரை நடக்கும். அப்புறம் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வந்து சாப்பிடலாம் என்று அழைப்பார்கள். மேலே போக முடியாதவர்களுக்கு அங்கேயே கவனிப்பு உண்டு. நோய்க்கும் பாம்புக்கடிக்கும் வைத்தியர் உண்டு. பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லித்தர வாத்தியார் உண்டு.

எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று இதைப் படித்துவிடக் கூடாது. சமைத்த சோறு, அளந்த அரிசி என்ற பிரிவே சாதி அங்கே எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் ஒன்று உறுதி: சத்திரத்துச் சொத்து ஒரு சாதிக்கு எழுதி வைத்த சொத்து அல்ல. மன்னரே அப்படிச் சொல்லவில்லை.

1855இல் தஞ்சை அரச வாரிசு அற்றுப்போனதாகச் சொல்லிக் கம்பெனி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. காலப்போக்கில் சத்திரங்களின் நிர்வாகம் ஜில்லா போர்டிடம் வந்து சேர்ந்தது. ரயில் வந்த பிறகு ராமேஸ்வரத்துக்கு நடந்து போகிறவர் கூட்டம் குறைந்தது. சத்திரத்துப் பணம் பள்ளிக்கூடம், பாடசாலை, மாணவர் விடுதி என்று திரும்பியது. நல்ல திருப்பம்தான். ஆனால் அந்த விடுதிகளின் வாசல் குறுகிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பிராமண மாணவர்களுக்கு மட்டுமே உணவும் உறைவிடமும் என்று ஆகிவிட்டது. திருவையாற்றில் 1881இல் தொடங்கிய கல்லூரியும் வடமொழிக் கல்லூரியாகவே நடந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். யாரும் சட்டம் போட்டு மற்றவர்களை வெளியே தள்ளவில்லை. வழக்கமே விதியைப் போல ஆகிவிட்டது. பொதுச் சொத்து கைநழுவிப் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

பன்னீர்செல்வம் செய்தது

ஜில்லா போர்டுத் தலைவராக அவர் எடுத்த முடிவுகளில் இரண்டு நிலைத்தவை.

1. ஒரத்தநாடு, ராஜாமடம் சத்திர விடுதிகளைப் பிராமணரல்லாத மாணவர்களுக்கும் திறந்துவிட்டார். இலவசச் சோறும் தங்கும் இடமும் அவர்களுக்கும் கிடைத்தன.

2. திருவையாற்றுக் கல்லூரியில் வடமொழியோடு தமிழும் படிக்க வழி செய்தார். தமிழ் வித்துவான் வகுப்பு வந்தது. வடமொழிக் கல்லூரி என்ற பெயர் போய் அரசர் கல்லூரி என்ற பெயர் நின்றது.

இரண்டாவது காரியத்தில் அவருக்குத் தோள் கொடுத்தவர் தமிழவேள் உமாமகேசுவரனார். 1911இல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தை வளர்த்தெடுத்த வழக்கறிஞர், தஞ்சைத் தாலுகா போர்டிலும் பொறுப்பில் இருந்தவர். சங்கத்தில் தமிழுக்காகப் பேசுவதோடு நிற்காமல், போர்டு என்ற நிர்வாக இயந்திரத்துக்குள்ளும் போய் வேலை பார்த்தார்கள் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ் படித்தால் புலவர் பட்டமும் வாத்தியார் வேலையும் கிடைக்கும் என்ற நிலை வந்தால்தான் ஏழை வீட்டுப் பையன் தமிழ் படிக்க வருவான். கல்லூரியும் விடுதியும் அதைச் செய்தன.

விடுதி ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

இன்றைய கண்ணுக்கு இது சின்ன உத்தரவாகத் தெரியலாம். நான்கு பேர் கூடுதலாகச் சாப்பிட்டார்கள், அவ்வளவுதானே? அப்படி இல்லை. அன்றைய நிலவரத்தை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்.

1. உயர்நிலைப் பள்ளிகள் மிகக் குறைவு. இருந்தவையும் ஊருக்கு ஊர் இல்லை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமானால் வீட்டை விட்டுப் போய் எங்காவது தங்க வேண்டும்.

2. அக்காலத்தில் உயர்நிலைப் பள்ளிக்குச் சம்பளம் கட்ட வேண்டும். ஆனாலும் ஒரு குடும்பத்தை முறிப்பது சம்பளம் இல்லை, சாப்பாட்டுச் செலவுதான். வெளியூரில் ஒரு பையனுக்கு மூன்று வேளைச் சோறு போட ரொக்கம் வேண்டும். நெல்லாகவே கூலி வாங்கும் வீட்டில் ரொக்கத்துக்கு எங்கே போவது?

3. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் அப்போது இன்று இருப்பதுபோல் இல்லை. 1934இல் மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வந்த பிறகுதான் அந்த மேட்டுப் பூமிக்குக் காவிரித் தண்ணீர் முறையாகப் போனது. ஊர்க்காரர்கள் அதை இன்னமும் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறார்கள். பன்னீர்செல்வம் போர்டில் இருந்த காலத்தில் அது ஏரியையும் வானத்தையும் நம்பிய பூமி. ஒரு வருடம் மழை பொய்த்தால் பையனின் படிப்பு நின்றுவிடும்.

4. சத்திரம் இருந்தது அந்த வறண்ட பகுதியிலேயே. அதன் நிலவருமானமோ ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. அதாவது, பசித்தவர்களின் ஊருக்கு நடுவே ஓர் அன்னக்கூடம் இருந்தும், அந்த ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு உள்ளே இடம் இல்லை.

இந்த நான்கையும் சேர்த்தால் அந்த உத்தரவின் எடை தெரியும். புதிய வரி போடவில்லை. மானியம் கேட்டுக் கவர்னரிடம் போகவில்லை. புதுக் கட்டடமும் எழுப்பவில்லை. ஏற்கெனவே இருந்த சோற்றை, இருந்த கூரையை, யாருக்கு உரியதோ அவர்களுக்கு எட்டச் செய்தார். விவசாயக் குடும்பத்தில் முதல் தலைமுறையாகப் பள்ளியை முடித்தவர்கள் அந்த விடுதிகளிலிருந்து வெளியே வந்தார்கள். ஆசிரியர், குமாஸ்தா, புலவர் என்று ஒருவர் வேலைக்குப் போனால் அந்த வீட்டில் அடுத்தவர்களும் படிப்பார்கள். இப்படிப் பெருகுவதைக் கணக்குப் புத்தகத்தில் பார்க்க முடியாது.

நீதிக்கட்சிக்காரர் பிராமண எதிர்ப்பில் செய்தது என்று இதைச் சுருக்கிச் சொல்பவர்கள் உண்டு. அந்த அரசியல் அவருக்கு இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சரபோஜியின் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் புதிதாக ஒன்றைப் புகுத்தவில்லை, இடையில் அடைத்த கதவைத் திறந்தார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. நள்ளிரவில் மணி அடித்து ஆள் கூப்பிட்ட இடத்தில் பகலில் வந்த பையனுக்குச் சோறு இல்லை என்று சொன்னதுதான் பிற்கால வழக்கம்.

சட்டமும் காலமும் துணையாக இருந்தன

தனி மனிதரின் நல்ல மனது மட்டும் இதைச் செய்யவில்லை. பன்னீர்செல்வம் போர்டுக்கு வந்த 1924ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். அந்த ஆகஸ்டில் சென்னைச் சட்டமன்றத்தில் ஆர். வீரையன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, கிணறு, குளம், பொதுக் கட்டடம் எதிலும் தீண்டாமை காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, செப்டம்பர் 25 அன்று அரசாணையாக வந்தது. உள்ளாட்சித் துறை அப்போது மக்கள் பிரதிநிதிகளான அமைச்சர்களின் பொறுப்பில் இருந்தது. அரசு ஒரு திசையில் நகர்கிறது. ஆனால் அரசாணையைச் சாலைக்கும் கிணற்றுக்கும் பள்ளிக்கும் கொண்டுபோக வேண்டியவர்கள் போர்டுக்காரர்கள். மேலே உத்தரவும் கீழே மனமுள்ள தலைவரும் ஒரே சமயத்தில் அமைவது அபூர்வம். தஞ்சையில் அது கொஞ்ச காலம் அமைந்தது.

எல்லை எங்கே?

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. போர்டுத் தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு இல்லை. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு. செஸ் கட்டிய மிராசுதாரருக்குப் போர்டில் குரல் இருந்தது. அந்த நிலத்தில் சேற்றில் நின்று அதை விளைவித்த பண்ணையாளுக்கு இல்லை. பண்ணையாளை நினைத்த நேரத்தில் வெளியேற்றக் கூடாது, இவ்வளவு கூலி தரவேண்டும் என்று தஞ்சைக்கென்று ஒரு சட்டம் வரவே 1952 ஆயிற்று. சத்திரத்து விடுதி திறந்ததால் பள்ளிக்கு வரமுடிந்தவர்களுக்கு வழி கிடைத்தது. வயலை விட்டு நகரவே முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த விடுதி ரொம்ப தூரத்தில் இருந்தது.

போர்டுக்குப் பிறகு

1931 இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் பன்னீர்செல்வம் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகக் கலந்துகொண்டார். கவர்னரின் நிர்வாக சபையில் உள்துறை உறுப்பினராக இருந்தார். 1937இல் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் அமைச்சர். 1938 இந்தி எதிர்ப்பின்போது பெரியார் சிறையில் இருக்க, ஆண்டுக் கடைசியில் நடந்த நீதிக்கட்சி மாநாட்டில் அவருடைய தலைமை உரையைப் படித்தவர் பன்னீர்செல்வம்.

1940இல் லண்டனில் இந்திய மந்திரியின் ஆலோசகராகப் பொறுப்பேற்க விமானத்தில் புறப்பட்டார். மார்ச் 1 அன்று அவர் ஏறிய 'ஹனிபால்' என்ற விமானம் ஓமன் வளைகுடாவுக்கு மேலே காணாமல் போனது. அதில் இருந்த எட்டுப் பேரில் ஒருவரும் திரும்பவில்லை. விமானமும் கிடைக்கவில்லை. அவருக்கு வயது 51.

போர்டு எங்கே போனது?

கட்டுரையின் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இங்கேதான் பதில். ஜில்லா போர்டு ஒரே நாளில் மறையவில்லை; துண்டு துண்டாகக் கைமாறியது.

தாலுகா போர்டுகள் 1934இல் கலைக்கப்பட்டன. 1958ஆம் ஆண்டு சென்னை ஊராட்சிச் சட்டம் வந்து, 1960 அக்டோபர் 2 முதல் ஊராட்சி ஒன்றியங்கள் செயல்படத் தொடங்கின. கிராமத்துக்கு அருகில் அதிகாரம் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் தவறு இல்லை. ஆனால் மாவட்ட அளவில் போர்டுக்குப் பதில் வந்தது மாவட்ட வளர்ச்சி மன்றம். அதற்குக் கலெக்டர் தலைவர். அது ஆலோசனை சொல்லும், அவ்வளவுதான். கலெக்டர் விட்டுப்போன நாற்காலிக்கு, வேறு பெயரில், மறுபடி கலெக்டரே வந்தார்.

போர்டின் சொத்துகள் போன வழி இது:

1. போர்டு ஹைஸ்கூல்கள் மாநிலக் கல்வித் துறையிடம் போயின. மு. கருணாநிதி படித்த திருவாரூர் 'போர்டு ஹைஸ்கூல்' போன்ற பெயர்கள் வயதானவர்கள் பேச்சில் மட்டும் தங்கின.

2. தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களுக்குப் போயின. இன்றும் பெயர்ப்பலகையில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று பார்க்கிறோம். ஆனால் 1981 ஜூன் 1 முதல் அந்த ஆசிரியர்களும் அரசு ஊழியர்களாகிவிட்டார்கள். பலகையில் ஒன்றியம், சம்பளப் பட்டியலில் மாநில அரசு. ஆசிரியர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு; அதைக் குறை சொல்ல முடியாது.

3. ஆஸ்பத்திரிகள் சுகாதாரத் துறைக்கும், பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்கும் போயின.

4. சத்திரச் சொத்துகள் கலெக்டரின் கீழ் உள்ள சத்திர நிர்வாகத்துக்குப் போயின.

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மாவட்ட ஊராட்சி என்ற அமைப்பை மறுபடி உருவாக்கியது. பெயரைக் கேட்டால் ஜில்லா போர்டு திரும்பி வந்தது போலத் தோன்றும். அதனால்தான் குழப்பம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். போர்டுக்குத் தனி செஸ் இருந்தது. மாவட்ட ஊராட்சிக்கு வரி போடும் அதிகாரமே இல்லை, மேலிருந்து வரும் நிதிதான். போர்டு பள்ளியையும் ஆஸ்பத்திரியையும் நடத்தியது; மாவட்ட ஊராட்சி திட்டம் தயாரிக்கும், ஆலோசனை சொல்லும். போர்டு சத்திர நிலங்களின் வருமானத்தைக் கையாண்டது. மாவட்ட ஊராட்சிக்கு அதில் இடமே இல்லை. மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; தலைவரை அந்த உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற அதிகாரம் கலெக்டரிடம் இருக்கிறது.

இந்தக் குறைந்த அதிகாரமும் தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரியில் மறுபடி தனி அலுவலர்கள். ஆறு ஆண்டுகள் தொடர்ந்து இருந்து ஒரு விடுதியின் விதியை மாற்றி, அது வேரூன்றும்வரை கண்காணிக்கும் வாய்ப்பு பன்னீர்செல்வத்துக்கு இருந்தது. இன்று ஒருவருக்கு அவரைப் போன்ற மனது இருந்தாலும், கையில் விடுதியும் இல்லை, நிலமும் இல்லை, ஆறு ஆண்டும் இல்லை.

மாநில அரசு எடுத்துக்கொண்டதால் நன்மையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2023 ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுவதற்கும் விரிவடைந்தபோது, அது தொடங்கிய இடம் திருக்குவளை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. பழைய தஞ்சை ஜில்லாவுக்குள் இருந்த ஊர். எந்தச் சாதிப் பிள்ளை என்று கேட்காமல் காலையிலும் மதியத்திலும் சோறு போடும் ஏற்பாட்டை ஒரு ஜில்லா போர்டு தன் செஸ்ஸில் எல்லா ஊருக்கும் கொண்டுபோயிருக்க முடியாது. அதற்கு மாநிலத்தின் கஜானா வேண்டும்.

ஆனால் சத்திரத்து நிலம் காவிரிப் படுகையில்தான் இருக்கிறது. அதன் குத்தகை எவ்வளவு, எவ்வளவு வசூலாகிறது, அதில் எவ்வளவு மாணவர்களுக்குப் போகிறது என்று கேள்வி கேட்கும் அதிகாரம் ஒரு காலத்தில் ஓட்டு வாங்கி வந்தவர்களிடம் இருந்தது. இன்று மாவட்ட ஊராட்சிக் கூட்டத்தின் பொருள்நிரலில் அந்தக் கணக்கு வருவதே இல்லை. தேர்தல் நடந்து புதிய உறுப்பினர்கள் வந்து உட்காரும்போது, ஒரத்தநாட்டுக்காரரோ ராஜாமடத்துக்காரரோ ஒருவர் எழுந்து அதைக் கேட்கலாம். பதில் சொல்லும் கடமை சட்டப்படி யாருக்கு என்பதுதான் அப்போது முதலில் தீர்க்க வேண்டிய கேள்வியாக இருக்கும்.